கப்பல் லிஸ்ட்ல பாட்டனாரைத் தேடுற ஸ்க்ரீன்: டர்பன்ல நடத்துன ஒரு நாள் டிசைன் ஒர்க்‌ஷாப்

போன வருஷம் தீபாவளி முடிஞ்ச ரெண்டாவது சனிக்கிழமை, தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு கோயில் ஹால்ல 18 பேர உக்கார வெச்சு ஒரு ஒர்க்‌ஷாப் நடத்துனோம். அதுல என்ன பண்ணோம், எது சொதப்பிச்சு, எதுலேர்ந்து என்ன கிடைச்சுதுன்னு மறக்கறதுக்குள்ள எழுதி வெச்சுடலாம்னுதான் இது. நான் குடியாத்தத்துக்காரன், இங்க வந்து எட்டு வருஷம் ஆச்சு, ஸ்க்ரீன் டிசைன் பண்றதுதான் வேலை. ஆனா இவ்ளோ வருஷத்துல நம்ம தமிழ் தெரிஞ்சதுனாலயே ஒரு வேலை நல்லா வந்துச்சுன்னா அது இதுதான்.

விஷயம் என்னன்னா, ஒரு பொது அலுவலகம் ஒப்பந்தக் கூலிங்க வந்த கப்பல் லிஸ்ட ஆன்லைன்ல தேடற மாதிரியும், கிடைச்ச பதிவுக்கு சர்டிஃபைட் காப்பி அங்கேயே கேக்கற மாதிரியும் ஒரு சேவை கட்டிட்டு இருந்தாங்க. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோங்கற கப்பல் மதராஸ்லேர்ந்து 342 பேரோட டர்பன் வந்து சேந்துச்சு, அதுலேர்ந்து 1911 வரைக்கும் மொத்தம் 1,52,184 பேர் நேட்டாலுக்கு (டர்பன் இருக்கற பகுதி) வந்தாங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு மதராஸ் துறைமுகத்துல ஏறினவங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்புல இருக்கற மச்சம் தழும்பு வரைக்கும் எழுதி வெச்சிருக்கான். இத்தன வெவரம் இருந்தும் அவங்க காட்டுன டெஸ்ட் வெர்ஷன்ல நான் மூணு தெரிஞ்ச குடும்பத்தப் போட்டுத் தேடுனேன், மூணுக்கும் 'பதிவு இல்லை'ன்னு வந்துச்சு. அதுக்கு முன்னாடி இன்னொன்னு, சர்நேம் கட்டத்துல எதுவும் போடலைன்னா சிவப்பு எழுத்துல திட்டும். 1880ல கப்பல் ஏறுன முனுசாமிக்கு ஏது சர்நேம்? அவருக்கு அப்பா பேரு இருந்துச்சு, ஊரு இருந்துச்சு, அவ்ளோதான்.

அந்த அலுவலகத்து மேனேஜர்கிட்ட பேசறப்போ, புரோகிராமர்ங்களையும் கவுண்டர்ல உக்கார்றவங்களையும் தேட வர்ற குடும்பங்களையும் ஒரே மேஜையில ஒரு நாள் உக்கார வெச்சா போதும்னு சொன்னேன். அவர் ரூம்லயே பத்தோ பேலே போஸ்டர் ஒட்டியிருந்துச்சு. 1997ல வந்த தென்னாப்பிரிக்க அரசோட கொள்கை அது, செசோத்தோ மொழியில 'மக்களே முதல்'னு அர்த்தம், எட்டு கொள்கையில முதல் கொள்கையே கலந்து பேசறதுதான். அதைக் காட்டினதும் சரின்னு சொல்லிட்டார்.

மொதல் தப்பு என்னோடது. முதல்ல நான் குறிச்ச தேதி புரட்டாசி சனிக்கிழமை. இங்க புரட்டாசிய ஊர்ல விட கெட்டியா புடிப்பாங்க, மாசம் முழுக்க கவிச்சி கிடையாது, சனிக்கிழமைன்னா கோயில்ல நிக்க இடம் இருக்காது. ஹால் பாத்துக்கற அண்ணன் "தம்பி, அன்னிக்கு ஹாலும் கிடைக்காது ஆளும் வரமாட்டாங்க"ன்னு சொன்னப்புறம்தான் உறைச்சுது. யாருக்காக நடத்தறோமோ அவங்க காலண்டர மொதல்ல பாக்கணும், ஆபீஸ் காலண்டர அப்புறம் பாத்துக்கலாம்.

கடைசியா வந்த 18 பேரு: பெரியவங்க எட்டு பேர் (மூத்தவங்களுக்கு வயசு 86), கவுண்டர்ல வேலை பாக்கறவங்க மூணு பேர், புரோகிராமர் ரெண்டு, அந்த மேனேஜர், கோயில் தமிழ் வகுப்பு டீச்சர் ஒருத்தர், காலேஜ் படிக்கற பசங்க மூணு பேர். பெரியவங்களுக்கும் பசங்களுக்கும் ஆளுக்கு 150 ராண்ட் கவர்ல போட்டு காலையிலயே கையில குடுத்தோம். இது முக்கியம். அதிகாரிங்களுக்கு அன்னிக்கு சம்பளம் ஓடுது, பெரியவங்க மட்டும் சும்மா வரணும்னா அது நியாயம் இல்ல, சாயங்காலம் குடுத்தா 'கடைசி வரைக்கும் இருந்தாத்தான் காசு'ன்னு ஆயிடும். ரெண்டு பேருக்கு டாக்ஸி ஒத்துவராது, அவங்கள நானே போய் கூட்டிட்டு வந்தேன்.

சாமான் லிஸ்ட் சொல்லிடறேன், யாராவது நடத்தப் போறீங்கன்னா உதவும். தடிச்ச கோக்கி பேனா, அதாவது ஸ்கெட்ச் பேனா, 30 (மெல்லிசு வேண்டாம், மெல்லிசு குடுத்தா பொடி எழுத்துல எழுதுவாங்க, எதிர்ல இருக்கறவங்களுக்குத் தெரியாது), போஸ்ட்கார்ட் சைஸ் அட்டை 200, ப்ரெஸ்டிக் (சுவத்துல காகிதம் ஒட்டற பசை) நாலு பாக்கெட், நூல்கண்டு, துணி க்ளிப், பேப்பர் கப், ஓட்ஸ் டப்பா அட்டையில வெட்டின அஞ்சு போன் ஃப்ரேம், 28 பாயின்ட் எழுத்துல பிரின்ட் எடுத்த ஸ்க்ரீன் துண்டுங்க. அப்புறம் அரைக் கிலோ சுகர் பீன்ஸ் (காஞ்ச பீன்ஸ் விதை), அது எதுக்குன்னு கீழ வருது. லேப்டாப் ஒண்ணு கூட மேஜை மேல வைக்கல. ஹால்ல நெட்வொர்க் வரும் போகும், கரன்ட்ட நம்பவும் முடியாது, அது ஒரு பக்கம். லேப்டாப் திறந்தா அதுக்கு முன்னாடி உக்கார்றவன் புரோகிராமர் ஆயிடுவான், மத்தவங்கள்லாம் எட்டிப் பாக்கறவங்க ஆயிடுவாங்க. அட்டைன்னா யார் வேணா எடுத்துக் கிழிக்கலாம். இது ஒண்ணும் புதுசு இல்ல, 1981லேர்ந்து 85 வரைக்கும் ஸ்வீடன்ல யூட்டோப்பியான்னு ஒரு திட்டம் நடந்துச்சு, பத்திரிகை அச்சுத் தொழிலாளிங்களும் ஆராய்ச்சிக்காரங்களும் சேந்து, இன்னும் வராத கம்ப்யூட்டர அட்டைப் பெட்டியில செஞ்சு வெச்சு வேலை பாத்துப் பாத்துத்தான் தனக்கு என்ன வேணும்னு சொன்னாங்க. லேசர் பிரின்டருக்கு பதிலா ஒரு வெத்துப் பெட்டி.

காலையில ஒன்பதரைக்கு ஆரம்பிச்சோம். அனுமதி பாரத்த டீச்சர் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் சத்தமா படிச்சாங்க, போட்டோல கை மட்டும்தான் வரும் முகம் வராது, ஆடியோ ரெக்கார்டிங் கிடையாதுன்னு சொன்னதும் எல்லார் தோளும் கொஞ்சம் தளந்துச்சு. மேனேஜர்கிட்ட முன்னாடியே தனியா கேட்டுக்கிட்டேன், மொத ஒரு மணி நேரம் நீங்க பேசக்கூடாது, கேக்கறதும் எழுதறதும் மட்டும்னு. அவரும் கடைசி வரைக்கும் அத மீறல, அதுக்கு அவருக்கு நன்றி.

பேர் சொல்லி அறிமுகம் பண்றதுக்கு பதிலா, வீட்லேர்ந்து ஒரு பழைய பொருள் கொண்டு வாங்கன்னு சொல்லியிருந்தோம். ஒருத்தர் பித்தளைச் செம்பு கொண்டு வந்தாரு, ஒருத்தங்க மடிச்சு மடிச்சு துணி மாதிரி ஆயிட்ட ஒரு கல்யாணச் சான்று. 86 வயசு பெரியம்மா ஒரு பிஸ்கட் டப்பா கொண்டு வந்தாங்க, அதுல அவங்க தாத்தாவோட பழைய காகிதம் ஒண்ணு, ஓரத்துல மசி கலைஞ்ச ஒரு நம்பர். கவுண்டர்ல வேலை பாக்கற பொண்ணு எழுந்து வந்து பாத்துட்டு "ஆன்ட்டி, இந்த நம்பர் இருந்தா ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாமே"ன்னுச்சு. பெரியம்மாவுக்கு அது நம்பர்னே தெரியாது, ஏதோ விலைன்னு நெனச்சிட்டு இருந்திருக்காங்க, எழுபது வருஷமா. புரோகிராமர் ஒருத்தர் அப்பவே மொத அட்டைய எழுதினார்: 'நம்பர் எப்படி இருக்கும்னு படம் போட்டுக் காட்டு'.

அடுத்தது பயண வரைபடம். சுவத்துல நூல் கட்டி, ஒரு குடும்பம் மூதாதையரத் தேடறதுல மொத நாள்லேர்ந்து காகிதம் கைக்கு வர்ற வரைக்கும் ஒவ்வொரு அடியும் ஒரு அட்டை. புரோகிராமர்ங்க மனசுல மொத அட்டை 'வெப்சைட்ட திறக்கறது'. ஆனா சுவத்துல அந்த அட்டை பன்னெண்டாவதா வந்துச்சு. அதுக்கு முன்னாடி பதினொண்ணு. வீட்ல ஒரு சாவு விழுந்து பெட்டிய ஒழிக்கறது, பேரன் ஓசிஐ கார்டுக்கு (வெளிநாட்டுல இருக்கற இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்கற கார்டு) என்னென்ன வேணும்னு கேக்கறது, பெரியத்தைக்கு போன் பண்றது, பெரியத்தை சித்தப்பாவக் கேளுங்கறது, சித்தப்பா ஒரு பேரு சொல்றது, அது கூப்பிடற பேரா நிஜப் பேரான்னு சண்டை வர்றது, எந்தக் கரும்புத் தோட்டத்து பாரக்ஸ்ல இருந்தாங்கன்னு யாரோ ஞாபகப்படுத்தறது... இதுல பாதிய நான் எதிர்பாக்கல. அப்போ வெப்சைட்டுக்கு வர்றப்பவே அவங்க கையில என்ன இருக்கு? ஒரு கூப்பிடற பேரு, ஒரு தோட்டம், அரைகுறையா ஒரு ஊரு. ஃபார்ம் என்ன கேக்குது? முதல் பேர், சர்நேம், வந்த வருஷம். ரெண்டுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல.

இந்த நேரத்துல ஒரு விபத்து. நவம்பர் டர்பன், வேர்வை வழியுது, யாரோ மேல ஃபேன ஃபுல்லா வெச்சாங்க, ஆயில் பெயின்ட் சுவத்துல ப்ரெஸ்டிக் நிக்காம பதினாலு அட்டை பறந்து கீழ விழுந்துச்சு. நான் ஒவ்வொரு அட்டை ஒட்டினப்பவும் போட்டோ எடுத்திருக்கணும், எடுக்கல. பசங்க கோயில் ஸ்டோர் ரூம்லேர்ந்து தோரணம் கட்ற கயிறு கொண்டு வந்து ஜன்னலுக்கு ஜன்னல் கட்டி, துணி க்ளிப் போட்டு மறுபடியும் தொங்கவிட்டாங்க, வரிசைய பெரியவங்களே ஞாபகத்துல சொன்னாங்க. இனிமே எனக்கு எப்பவும் கயிறும் க்ளிப்பும்தான், சுவரே வேண்டாம்.

டீக்கு அப்புறம் நடந்ததுதான் அந்த நாளோட உசுரு, அதக் கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

நான் ஒரு பேர சத்தமா சொல்றேன், கேட்ட மாதிரி இங்கிலீஷ் எழுத்துல எழுதுங்கன்னு சொல்லி "முனுசாமி"ன்னேன். 18 பேர்ல ஏழு விதமா வந்துச்சு. ஒருத்தர் ரெண்டு ஓ போட்டாரு, ஒருத்தர் ஒரு யூ, ஒருத்தர் நடுவுல உயிரே இல்லாம மூன்சாமி ஆக்கிட்டாரு, கடைசியில ஐ-யா ஒய்-யாங்கறது தனி. கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடி ஆளுங்கள வெச்சிருந்த மதராஸ் டிப்போல உக்காந்திருந்த குமாஸ்தாவுக்கும் இதேதான் நடந்திருக்கும், அவன் காதுல விழுந்தத அவன் எழுதினான். முதலி இங்க மூட்லி ஆனதும், நாயுடு நாய்டூ ஆனதும், படையாச்சி கடைசியில ரெண்டு ஈ வாங்கிக்கிட்டதும் இப்படித்தான்.

புரோகிராமர்ல சின்னவர், நல்ல பையன், அவர் சொன்னார், "இதுக்கு சவுண்டெக்ஸ் போட்டிருக்கோம் சார், ஸ்பெல்லிங் மாறினாலும் புடிச்சிடும்." சவுண்டெக்ஸ்ங்கறது 1918ல அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கின முறை. பேரோட மொத எழுத்த அப்படியே வெச்சுக்கும், மிச்ச உயிரெழுத்தெல்லாம் தூக்கிடும், மெய்யெழுத்துக்கு ஒரு நம்பர் குடுக்கும். அட்டையிலயே போட்டுப் பாத்தோம். முனுசாமிய எப்படி எழுதினாலும் எம்-525ன்னே வந்துச்சு, ஏழு ஸ்பெல்லிங்கும் ஒரே கோடு. அவர் முகத்துல சந்தோஷம். அப்போ அந்தப் பெரியம்மா, அது வரைக்கும் சாமூசாவ பிச்சுப் பிச்சு சாப்ட்டுட்டு கவனிச்சிட்டு இருந்தவங்க, "எங்க அத்தை பேரு சின்னம்மா, அதப் போடுப்பா"ன்னாங்க.

போட்டோம். ஒருத்தர் சின்னம்மாவ சி-எச்ல ஆரம்பிச்சிருந்தார், இன்னொருத்தர் எஸ்ல. மொத எழுத்த அப்படியே வெச்சுக்கறதுதான் சவுண்டெக்ஸோட விதி, அதனால ஒண்ணு சி-ல போய் நிக்குது இன்னொண்ணு எஸ்ல போய் நிக்குது, ரெண்டும் ஜென்மத்துக்கும் சந்திக்காது. அப்புறம் வரிசையா வந்துச்சு: கோவிந்தன் ஜி-லயா கே-லயா, வெள்ளையன் வி-யா டபிள்யூவா, எல்லம்மாவுக்கு முன்னாடி ஒய் உண்டா இல்லையா. நம்ம பேரெல்லாம் மொத எழுத்துலதான் மாறுது, அந்த முறை மொத எழுத்தத்தான் கெட்டியா புடிச்சுக்குது.

பையன் கொஞ்ச நேரம் யோசிச்சார். பெரியம்மா அவர் கையிலேர்ந்து கோக்கிய வாங்கி, அட்டைய திருப்பி, பின்பக்கம் மெதுவா 'ச' எழுதினாங்க. ஒரு பக்கம் சுழிச்சு, கை நடுங்கி, ஆனா அழகான ச. சின்ன வயசுல கோயில் பள்ளிக்கூடத்துல சாயங்காலம் சாயங்காலம் படிச்ச எழுத்து. "சின்னம்மாவுக்கும் இதான், செல்லம்மாவுக்கும் இதான், நீ எப்படிச் சொன்னாலும் எழுதறது ஒண்ணுதானே"ன்னு சொல்லிட்டு, அதுக்குக் கீழ 'க', 'ட', 'த', 'ப'ன்னு எழுதிக்கிட்டே போனாங்க. டீச்சர் உடனே புரிஞ்சுக்கிட்டு ஒவ்வொண்ணுக்குப் பக்கத்துலயும் இங்கிலீஷ் எழுத்துங்கள எழுதினாங்க: க-வுக்கு நேரா கே, ஜி, கே-எச், ஜி-எச். ச-வுக்கு நேரா சி-எச், எஸ், ஜே. ப-வுக்கு பி-யும் அந்த இன்னொரு பி-யும். வ-வுக்கு வி, டபிள்யூ. அந்த ஒரு அட்டைதான் இன்னிக்கு அந்தத் தேடலுக்கு அடிப்படை. லிஸ்ட்ல இருக்கற பேரையும் தேடறவங்க டைப் பண்ற பேரையும் மொதல்ல தமிழ் எழுத்துக்கு மடிச்சுடறது, இரட்டைய ஒத்தையாக்கறது, அப்புறம் ஒப்பிடறது. ஆறு வாரம் ரெண்டு பேர் உக்காந்து எழுதுன கோடுல இல்லாத ஒண்ணு ஒரு சாமூசா தட்டுக்குப் பக்கத்துல இருபது நிமிஷத்துல வந்துச்சு.

ஆனா அதோட முடியல. அதே மேஜையில இருந்த தெலுங்கு மாமி "உங்களுக்கு ஒரு க, எங்களுக்கு நாலு க, எங்க ஆளுங்க பேரையும் இதுல போட்டுக் கொழப்பாதீங்க"ன்னாங்க. நியாயமான பேச்சு. அதனால முடிவு என்னன்னா, டைப் பண்ணின ஸ்பெல்லிங்குக்கு அப்படியே பொருந்தறது மேல வரும், மடிச்சுப் பாத்து கிடைக்கறது கீழ 'இதுவும் இருக்கலாம்'னு தனியா வரும். ரெண்டையும் ஒண்ணா கலக்கக் கூடாது.

ஊர் பேர்லயும் இதே மாதிரி ஒரு முடிச்சு. காலேஜ் பையன் ஒருத்தன் இன்டர்நெட்ல பாத்து எங்க ஊரு ராணிப்பேட்டை மாவட்டம்னு எழுதி வெச்சிருந்தான், தேடினா ஒண்ணும் வராது. வராதுதான். லிஸ்ட்ல இருக்கறது வட ஆற்காடு. அந்த ஜில்லா 1989ல வேலூர், திருவண்ணாமலைன்னு பிரிஞ்சுச்சு, 2019ல வேலூரே மூணாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வந்துச்சு. சித்தூர் 1911லயே தனி ஜில்லா ஆகி இப்ப ஆந்திரால இருக்கு. நான் அந்தப் பக்கத்துக்காரன்ங்கறதால ஒரு அட்டையில படம் போட்டுக் காட்டினேன். பெரியம்மா "குடியாத்தமா நீ? எங்க தாத்தா அந்தப் பக்கம்தாம்பா, மாமரத்து ஊருன்னு சொல்வாரு"ன்னாங்க. ஜில்லா கட்டத்துல இனிமே இன்னிக்கு இருக்கற மாவட்டத்தப் போட்டாலும் பழைய ஜில்லாவ அதுவே எடுத்துக்கும்.

மத்தியானம் பிரியாணி, தால், சாலட். ஒரு மணி நேரம்னு போட்டிருந்தேன், ஒண்ணே முக்கால் ஆச்சு. நான் விரட்டல, சாப்பாட்டுல நடந்த பேச்சுலேர்ந்துதான் அடுத்த விஷயமே வந்துச்சு.

லிஸ்ட்ல ஜாதின்னு ஒரு கட்டம் இருக்கு. டெஸ்ட் வெர்ஷன் அத பேருக்கு அடுத்தபடியா, பெரிய எழுத்துல காட்டுச்சு. பிரின்ட் எடுத்த ஸ்க்ரீன்ல தன் குடும்பப் பதிவப் பாத்த ஒரு தாத்தா, ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு, அப்புறம் நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, ஒண்ணும் பேசாம குழாய்ப் பக்கம் போய் கை கழுவிட்டு நின்னாரு. அவங்க சர்நேம் ஒண்ணு, லிஸ்ட்ல எழுதியிருந்தது வேற ஒண்ணு. கடல் தாண்டி வந்தப்புறம் பேர மாத்திக்கிட்ட குடும்பங்க நெறைய, அதுல எந்தத் தப்பும் இல்ல, அத நான் மனசார சொல்றேன். ஆனா எழுபத்தஞ்சு வயசுல ஒரு மனுஷன் அத எல்லார் முன்னாடியும் ஒரு காகிதத்துல பாக்க வேண்டி வந்துச்சு, அதுக்கு நான்தான் காரணம். நிஜப் பதிவுங்கள பயிற்சிக்கு பிரின்ட் எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா காட்டிக் கேட்டிருக்கணும். அன்னிக்கு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டேன்.

மேஜையில பேச்சு சூடாச்சு. பசங்க "இது வரலாறு, மறைக்கக் கூடாது"ன்னாங்க. ரெண்டு பெரியவங்க "எதுக்கு இன்னமும் அது"ன்னாங்க. அப்போ கவுண்டர் பொண்ணு சொன்னத யாரும் எதிர்பாக்கல. நேர்ல காப்பி வாங்க வர்றவங்கள்ல சிலர், ஜெராக்ஸ் எடுக்கறப்போ அந்த ஜாதிக் கட்டத்து மேல ஒரு துண்டுக் காகிதம் வெச்சு எடுத்துத் தரச் சொல்லிக் கேப்பாங்களாம், ரொம்பத் தணிஞ்ச குரல்ல. இது மேனேஜருக்கே தெரியாது. போப்பியா, அதாவது இந்த நாட்டு தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், உயிரோட இருக்கறவங்க விவரத்தத்தான் காக்கும், 150 வருஷத்துக்கு முன்னாடி செத்தவங்களுக்கு அது கிடையாது. சட்டப்படி தடை இல்லைன்னாலும் வலிக்கறது இன்னிக்கு இருக்கறவங்களுக்கு.

இதுக்குத்தான் பீன்ஸ். காலையில ஒரு சின்ன விஷயத்துக்கு வட்ட ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டு எடுத்தோம், மேனேஜர் எங்க ஒட்டினாரோ அங்கயே எல்லாரும் போய் ஒட்டினாங்க, மரியாதைக்கு. அதனால இந்தத் தடவ மூணு கப்ப ஒரு வேட்டித் திரைக்குப் பின்னாடி வெச்சு, ஆளுக்கு ஒரு பீன்ஸ், ஒவ்வொருத்தரா போய் போட்டுட்டு வரணும்னு வெச்சோம். எப்பவும் காட்டு: 5. கேட்டா மட்டும் காட்டு: 10. காட்டவே வேண்டாம்: 3. பத்து விழுந்த கப்ப எடுத்துக்கிட்டு, ஸ்க்ரீன்ல அந்த ஜாதிக் கட்டம் மூடியிருக்கும், தொட்டாத்தான் திறக்கும்னு ஆச்சு. சர்டிஃபைட் காப்பியில மட்டும் எதையும் மாத்த முடியாது, அது மூலத்தோட நகல், அதனால ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே 'இதுல ஜாதி, அங்க அடையாளம் எல்லாம் வரும்'னு ஒரு வரி சொல்லிடணும்.

கடைசி ஒரு மணி நேரம் அட்டைப் போன். ஒரு பையன் மேஜைக்கு அடியில உக்காந்து கம்ப்யூட்டரா நடிப்பான், பெரியவங்க அட்டையத் தொட்டா அடுத்த துண்ட ஃப்ரேமுக்குள்ள தள்ளுவான். மொத கேள்வி 'யாரைத் தேடறீங்க?', ஒரு ஸ்க்ரீனுக்கு ஒரு கேள்வி, ஒவ்வொண்ணுலயும் 'தெரியாது'ன்னு ஒரு பட்டன் மத்த பட்டன் சைஸ்லயே. முதல்ல அத சின்னதா ஓரத்துல வெச்சிருந்தோம், ஒரு மாமா அதப் பாக்காம "தெரியலன்னா முன்னாடி போக முடியாதுபோல"ன்னு போன மேஜை மேல வெச்சுட்டாரு. ஓடிபி-யும் இங்கதான் மாட்டுச்சு. பெரியம்மாவோட நம்பர் பேரன் போன்ல, பேரன் கேப்டவுன்ல. தேடறதுக்கு லாகினே வேண்டாம், காப்பிக்கு காசு கட்டறப்போ மட்டும் போதும்னு அங்கேயே வெட்டிட்டாங்க. மொழி பத்தியும் பேசினோம். இந்த நாட்டு அரசியல் சட்டத்துல 12 ஆட்சி மொழி, அதுல தமிழ் இல்ல, ஆனா 6ஆம் பிரிவுல மதிச்சுப் போற்ற வேண்டிய மொழிங்கன்னு சொல்ற எடத்துல தமிழும் தெலுங்கும் பேரோட இருக்கு. டீச்சர் அதச் சொன்னதும் மேனேஜர் குறிச்சுக்கிட்டார். இப்போதைக்கு தமிழ்ல டைப் பண்ணினா தேடும், பட்டனெல்லாம் இங்கிலீஷும் ஜூலுவும்தான். எனக்கு அதுல திருப்தி இல்ல, கேட்டுக்கிட்டே இருக்கேன்.

பத்து நாள்ல எல்லா அட்டையையும் டைப் பண்ணி, எது எடுத்துக்கிட்டோம், எது எடுக்கல, ஏன் எடுக்கலன்னு நாலு பக்கம் எழுதி, வந்த 18 பேருக்கும் குடுத்தேன், பெரியவங்களுக்கு பெரிய எழுத்துல பிரின்ட் போட்டு வீட்டுக்கே. ஜனவரியில அஞ்சு பெரியவங்களோட ரெண்டு மணி நேரம் மறுபடி உக்காந்தோம், இந்தத் தடவ நிஜ டேப்லட். நாலு பேர் தானாவே தன் ஆள கண்டுபிடிச்சாங்க. அஞ்சாவது ஆளுக்கு வரவே இல்ல, பையன் திரும்பத் திரும்ப கோடப் பாத்துட்டு இருந்தார், அப்புறம் பேச்சுவாக்குலதான் தெரிஞ்சுது, அவர் தாத்தா கூலியா வரல, மொரிஷியஸ்லேர்ந்து சொந்தக் காசுல டிக்கெட் எடுத்து கடை வேலைக்கு வந்தவர். பாசெஞ்சர் இந்தியன்னு இங்க சொல்வாங்க, அவங்க இந்த லிஸ்ட்லயே கிடையாது. 'பதிவு இல்லை'ன்னு சொல்ற ஸ்க்ரீன்ல இப்ப அந்த விளக்கம் மூணு வரி இருக்கு, காசு கட்டி வந்தவங்களுக்கு வேற எங்க தேடலாம்னும் இருக்கு.

பெரியம்மா தன் தாத்தா பதிவத் திறந்து, கிராமம்னு இருந்த எடத்துல இங்கிலீஷ்ல எழுதியிருந்தத எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க, ரெண்டு தடவ. "இது தப்புப்பா, அவன் கேட்டத எழுதிட்டான்"ன்னு சொல்லி சரியான பேர சொன்னாங்க, எனக்குத் தெரிஞ்ச ஊரு, எங்க ஊர்லேர்ந்து பஸ்ல முக்கா மணி நேரம். மூலப் பதிவ யாரும் திருத்த முடியாது, ஆனா அதுக்குக் கீழ 'எங்க வீட்ல இத இப்படிச் சொல்வோம்'னு குடும்பம் எழுதற மாதிரி ஒரு கட்டம் வைக்கணும்னு பையன் அங்கேயே எழுதிக்கிட்டார். அது இன்னும் கட்டி முடிக்கல. அடுத்த ஒர்க்‌ஷாப் டர்பன் பக்கத்துல இருக்கற ஃபீனிக்ஸ்ல, அந்தக் கட்டத்துக்காகவே. ஹால் அண்ணன்கிட்ட தேதிய மொதல்லயே கேட்டாச்சு, கயிறு 20 மீட்டர் வாங்கியாச்சு, பெரியம்மாவக் கூட்டிட்டு வர கார் எட்டு மணிக்கு.